கணக்கில் வராத புகை

மருத்துவமனையில் கொடுத்த படிவத்தில் ஒரு கேள்வி: "புகைக்கும் பழக்கம் உண்டா? உண்டு எனில், ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்?" பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். இரண்டு இலக்கம் எழுதலாம், அவ்வளவுதான் இடம். நான் 4 என்று எழுதினேன். எழுதும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு கேள்விக்கு 16 என்று எழுதியவன் நான்.

ஒரு சின்ன அறுவை சிகிச்சை. அதற்கு முன்னால் மயக்க மருந்து டாக்டர் பார்க்க வேண்டும், அவர் பார்ப்பதற்கு முன்னால் இந்தச் சடங்கெல்லாம். நர்ஸ் ஒரு கைக்கருவியைக் கொண்டுவந்தார். அட்டைக் குழாய் ஒன்றைச் செருகி நீட்டினார். "மூச்சை நல்லா இழுத்து பதினைஞ்சு செகண்ட் பிடிங்க சார். அப்புறம் மெதுவா, முழுசா ஊதுங்க." ஊதினேன். திரையில் எண் ஏறி 18-ல் நின்றது.

"காலையில எத்தனை சார்?"

"ஒண்ணுதான் சிஸ்டர்."

அவர் படிவத்தைப் பார்த்தார், கருவியைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "இன்னொரு தடவை ஊதிடலாமா?" இன்னொரு தடவை ஊதினேன். 17.

நான் பொய் சொல்லவில்லை. நாலுதான். ஆனால் முந்தின இரவு நண்பர்களோடு உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் ஹூக்கா இழுத்திருந்தேன். படிவத்தில் ஹூக்காவுக்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததை எங்கே எழுதுவது? கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். தலைப்பு இல்லாத செலவை எல்லாம் "இதர" என்று ஒரு வரியில் தள்ளிவிடும் பழக்கம் கைக்கு வந்துவிட்டது. அன்று டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்கத்தான் அந்த "இதர" எவ்வளவு பெரியது என்று எனக்கே தெரிந்தது.

சட்டைப் பையில் ஒரு வேப், அதாவது இ-சிகரெட். அலுவலகத்தில், வண்டியில், வீட்டில் குளியலறையில். எத்தனை இழுப்பு என்று யார் எண்ணுவார்கள்? சனிக்கிழமை ஹூக்கா. ஏதாவது பெரிய வேலை முடிந்தால் எங்கள் மேலாளர் பெட்டியைத் திறந்து நீட்டும் சுருட்டு, மாதத்துக்கு ஒன்றிரண்டு. இவற்றில் எதற்குமே நான் "புகைக்கிறேன்" என்ற வினைச்சொல்லைப் பயன்படுத்தியதில்லை. சிகரெட் மட்டும்தான் பழக்கம். வேப் என்பது சிகரெட்டை விடுவதற்காக. ஹூக்கா என்பது நண்பர்களுக்காக. சுருட்டு என்பது மேலாளருக்காக. எனக்காக நான் பிடித்தது நாலு சிகரெட் மட்டுமே. இப்படிச் சொல்லும்போது அசட்டுத்தனமாகத் தெரிகிறது. மனதுக்குள் இருந்தவரை அது கச்சிதமான கணக்காகத்தான் இருந்தது.

அறுவை சிகிச்சையை எட்டு வாரம் தள்ளிப்போட்டார்கள். அந்த எட்டு வாரமும் நான் செய்த காரியம், படித்தது. புகைப்பதைத் தவிர வேறு எதையாவது கைக்குக் கொடுக்க வேண்டியிருந்தது.

*

முதலில் என்னைத் தொந்தரவு செய்தது அலகு. நாலு சிகரெட் என்றால் நாலு என்ன? ஒரு சிகரெட்டில் ஒரு கிராமுக்கும் குறைவான புகையிலைதான் இருக்கிறது. பெரிய சுருட்டு ஒன்றில் 5 முதல் 20 கிராம் வரை இருக்கலாம். அதாவது ஒரு முழு சிகரெட் பாக்கெட்டின் புகையிலை, ஒரே துண்டாக, ஒரு மணி நேரத்துக்குமேல் நின்று எரிகிறது. "ஒரு சுருட்டு" என்பதில் உள்ள "ஒரு" எவ்வளவு தந்திரமான சொல்!

ஹூக்காவுக்கு இந்த "ஒரு" கூடக் கிடையாது. உலக சுகாதார அமைப்பின் ஆய்வுக் குழு 2005-ல் வெளியிட்ட குறிப்பில் ஒரு ஒப்பீடு இருக்கிறது. சிகரெட் பிடிப்பவர் 5 முதல் 7 நிமிடத்தில் 8 முதல் 12 இழுப்பு இழுக்கிறார். ஒவ்வொரு இழுப்பும் 40 முதல் 75 மில்லி. ஹூக்கா இழுப்பவர் 20 முதல் 80 நிமிடம் உட்காருகிறார். 50 முதல் 200 இழுப்பு. ஒவ்வொன்றும் 150 மில்லியிலிருந்து ஒரு லிட்டர் வரை. இந்த எண்களைப் பெருக்கிப் பார்த்தபோது பேனாவை வைத்துவிட்டேன். புகையின் கன அளவு ஒன்றானால் அதிலுள்ள நஞ்சும் ஒன்று என்று ஆகிவிடாது, அது வேறு கதை. இருந்தாலும் "சனிக்கிழமை மட்டும்தானே" என்று ஒதுக்கிய ஒன்று, வாரம் முழுக்கப் பிடித்த சிகரெட்டைவிட அதிகப் புகையை எனக்குள் அனுப்பியிருக்கலாம்.

பீடியும் இப்படி ஏமாற்றும் எண்தான். உள்ளே இருக்கும் தூள் சிகரெட்டில் இருப்பதைவிட மிகக் குறைவு. ஆனால் சுற்றிய இலை காற்றை எளிதில் விடாது, அடிக்கடி அணையும், அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டும், பில்டரும் இல்லை. தூள் குறைவு என்பதால் புகை குறைவதில்லை.

ஆக, ஒவ்வொன்றுக்கும் ஒரு அலகு. ஒன்றை மற்றொன்றோடு கூட்ட முடியாது. மூன்று நாட்டுப் பணத்தை மாற்று விகிதம் இல்லாமல் ஒரே பத்தியில் எழுதிக் கூட்டுவது போலத்தான். எங்கள் தொழிலில் யாராவது அப்படிச் செய்தால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள்.

உடம்பு மட்டும் கூட்டுகிறது.

*

உடம்பு எப்படிக் கூட்டுகிறது என்பதை அளக்க ஆராய்ச்சியாளர்கள் சில அடையாளப் பொருட்களைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். பயோமார்க்கர் என்கிறார்கள். எந்தப் பொருளைப் புகைத்தாய், எத்தனை என்று வாயைக் கேட்காமல், மூச்சையும் ரத்தத்தையும் சிறுநீரையும் கேட்பது. எனக்கு இதில் பிடித்த விஷயம், ஒவ்வொன்றும் வெவ்வேறு கடிகாரத்தில் ஓடுகிறது என்பது.

நான் ஊதிய கருவி அளந்தது கார்பன் மோனாக்சைடு. எது முழுமையாக எரியாமல் புகைந்தாலும் வரும் வாயு. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டும். சும்மா இருக்கும்போது இதில் பாதி வெளியேற நாலைந்து மணி நேரம் ஆகும். தூக்கத்தில் மூச்சு மெதுவாவதால் இன்னும் தாமதம். நள்ளிரவில் முடித்த ஹூக்கா காலை ஒன்பது மணிக்கு என்னைக் காட்டிக்கொடுத்தது இப்படித்தான்.

நிகோடின் அதைவிட அவசரக்காரன். சுமார் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகிவிடும். அதனால் அதைத் துரத்தாமல், கல்லீரல் அதை உடைத்துச் செய்யும் கோட்டினினை அளக்கிறார்கள். அது பாதியாக ஏறத்தாழ 16 மணி நேரம். மூன்று நான்கு நாள் முன்னால் நடந்ததைக்கூடச் சொல்லும். ஆனால் கோட்டினினுக்குத் தெரிவது நிகோடின் வந்தது என்ற ஒன்றுதான். எரிந்து வந்ததா, ஆவியாக வந்ததா, சுயிங்கமாக வந்ததா என்று அதற்குத் தெரியாது.

அடுத்தது என்.என்.ஏ.எல். என்ற பொருள். புகையிலையைப் பதப்படுத்தும்போது நிகோடினிலிருந்தே பிறக்கும் நைட்ரோசமின் ஒன்று இருக்கிறது, என்.என்.கே. என்று பெயர். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ஹெக்ட் பல பத்தாண்டுகள் இதன் பின்னாலேயே போனவர். உடம்புக்குள் போன என்.என்.கே. மாறி, என்.என்.ஏ.எல். ஆகச் சிறுநீரில் வருகிறது. அளவு பிகோகிராம் கணக்கு. ஒரு கிராமை லட்சம் கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. அவ்வளவு நுணுக்கமாகத் தேட வேண்டியிருந்தாலும் ஒரு வசதி உண்டு: இது புகையிலையைத் தவிர வேறெங்கிருந்தும் வராது. சமையல் புகை, வண்டிப் புகை என்று தப்பிக்க வழியில்லை. போவதும் மெதுவாக, கடைசிப் புகைக்குப் பிறகும் வாரக்கணக்கில் சிறுநீரில் தென்படும்.

பென்சீன், அக்ரோலீன், பியூட்டாடையீன், அக்ரைலோநைட்ரைல் என்று எரிவதிலிருந்து வரும் ஆவிப்பொருட்களின் தடயங்களும் சிறுநீரில் கிடைக்கும். சிகரெட் முனை இழுக்கும்போது 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாகிறது. அந்த உலையில் புகையிலை 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருட்களாகச் சிதறுகிறது. சுமார் 70 புற்றுநோய்க் காரணிகள் அதில் அடங்கும்.

காட்மியத்தைப் பற்றிப் படித்த அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. புகையிலைச் செடி மண்ணிலிருந்து காட்மியத்தை இழுத்து இலையில் சேர்த்துக்கொள்ளும் ஜாதி. புகையோடு போய் அது சிறுநீரகத்தில் தங்கினால், பாதி வெளியேற 10 முதல் 30 ஆண்டு. நான் கல்லூரியில் பிடித்த சிகரெட்டின் காட்மியம் இப்போதும் எனக்குள் இருக்கிறது. அதை எனக்கு அறிமுகப்படுத்திய நண்பனோடு பேச்சே நின்று போய் பதினைந்து வருடமாகிறது.

*

சரி, 16-லிருந்து 4-க்கு வந்தேனே, அது சும்மாவா?

இதற்குப் பதில் தேடும்போதுதான் பழைய "லைட்" சிகரெட் கதைக்குள் போனேன். அமெரிக்காவில் 1967 முதல் ஒரு இயந்திரத்தை வைத்து சிகரெட் புகையிலுள்ள தார் என்ற பிசுபிசுப்பான கசடையும் நிகோடினையும் அளந்தார்கள். நிமிடத்துக்கு ஒரு முறை, இரண்டு விநாடி, 35 மில்லி. அந்த இயந்திரம் தினமும் அதே மாதிரி இழுத்தது, அலுவலகத்தில் திட்டு வாங்கிவிட்டு வந்து இழுக்கவில்லை. கம்பெனிகள் பில்டரைச் சுற்றி ஊசிமுனைத் துளைகள் போட்டன. இயந்திரம் இழுக்கும்போது துளை வழியே வெளிக்காற்று கலந்து எண் குறையும். மனிதன் இழுக்கும்போது உதடும் விரலும் துளையை மூடும். மூடாவிட்டாலும் இன்னும் ஆழமாக இழுப்பான். 1983-ல் நீல் பெனோவிட்ஸ் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் புகைப்பவர்களின் ரத்தத்தைச் சோதித்து எழுதினார்கள்: குறைந்த அளவு என்று விற்ற சிகரெட்டைப் பிடிப்பவர்கள் குறைவான நிகோடினை எடுத்துக்கொள்ளவில்லை. அந்த இயந்திர முறையை அமெரிக்க அரசு கைவிட்டது 2008-ல்தான். இடையில் இருபத்தைந்து வருடம்! இதைப் படித்தபோது வந்த கோபம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. தணிக்கையில் தவறென்று தெரிந்த ஒரு அளவுகோலை இருபத்தைந்து நாள் வைத்திருந்தால் எங்களைக் கோர்ட்டுக்கு இழுத்திருப்பார்கள்.

உடம்பு நிகோடினுக்கு ஒரு மட்டம் வைத்திருக்கிறது. அந்த மட்டம் வரும்வரை கையை விடாது. சிகரெட்டைக் குறைத்தால் மிச்சமிருக்கும் ஒவ்வொன்றையும் அடி வரை உறிஞ்ச வைக்கும். என் நாலு சிகரெட் எப்படிப்பட்ட நாலு என்று எனக்குத்தான் தெரியும். பதினாறு பிடித்த காலத்தில் பாதியில் நசுக்கிப் போட்டவை நிறைய. நாலு பிடித்த காலத்தில் பில்டர் சுடும்வரை விடமாட்டேன். புகையை உள்ளே நிறுத்தி, ஏதோ தியானம் போல, மெதுவாக விடுவேன். எண்ணிக்கை கால்வாசிக்கு வந்தது. உள்ளே போனது கால்வாசிக்கு வந்திருக்கும் என்று யாராவது சொன்னால் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

அதோடு இதயத்தின் கணக்கு வேறு மாதிரி. 141 ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் ஒரு கட்டுரை வந்தது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்குக்கூட, இருபது பிடிப்பவருக்கு இருக்கும் கூடுதல் மாரடைப்பு, பக்கவாத ஆபத்தில் ஏறக்குறைய பாதி இருக்கிறது என்பது அதன் சாரம். இருபதில் ஒரு பங்கு இருக்கும் என்று எதிர்பார்த்தால் பாதி! வரைபடத்தில் கோடு தொடக்கத்திலேயே செங்குத்தாக ஏறி, பிறகுதான் மெதுவாக ஏறுகிறது. நுரையீரல் புற்றுநோய்க்கு மறுபுறம், ஒரு நாளைக்கு எத்தனை என்பதைவிட எத்தனை வருடம் என்பதே கனமான எண். ரிச்சர்ட் டால், ரிச்சர்ட் பீட்டோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1978-ல் பிரிட்டிஷ் டாக்டர்களின் தரவை வைத்துப் போட்ட கணக்கு அது. என் வேப்பும் ஹூக்காவும் சுருட்டும் சேர்ந்து செய்த வேலை என்ன என்று யோசித்தால், என்னை நாலிலேயே வசதியாக உட்கார வைத்தன. நாலிலிருந்து பூஜ்யத்துக்குப் போக வேண்டிய தவிப்பே வரவில்லை. வருடம் மட்டும் ஓடியது.

*

சுருட்டு விஷயத்தில் எனக்கு ஒரு நல்ல சாக்கு இருந்தது. "சுருட்டுப் புகையை யாரும் உள்ளே இழுக்கமாட்டாங்கப்பா, வாயோட சரி." மேலாளர் சொல்வார், நானும் தலையாட்டுவேன். இது பொய்யல்ல என்பதுதான் சுவாரசியம். சுருட்டுக்கான புகையிலையைக் காற்றில் உலர்த்திப் புளிக்க வைக்கிறார்கள். அதன் புகை காரத்தன்மை உடையது. காரப் புகையில் நிகோடின் வாயின் உட்தோல் வழியாகவே ரத்தத்துக்குப் போய்விடும். நுரையீரல்வரை கொண்டுபோக வேண்டிய தேவையே இல்லை, தொண்டையும் அதைத் தாங்காது. பெரும்பாலான சிகரெட் புகையோ அமிலத்தன்மை உடையது. வாயில் வைத்திருந்தால் நிகோடின் அதிகம் ஏறாது, ஆகவே உள்ளே இழுத்தாக வேண்டும். சுருட்டு மட்டுமே பிடித்துப் பழகியவர் புகையை வாயோடு நிறுத்துவதற்கும், சிகரெட்காரர் நெஞ்சுவரை இழுப்பதற்கும் காரணம் இந்த வேதியியல்.

ஆனால் சிகரெட்டில் பழகியவன் சுருட்டுக்கு வந்தால்? அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1998-ல் சுருட்டைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே வெளியிட்டது. சிகரெட்டிலிருந்து சுருட்டுக்கு மாறியவர்களும், இரண்டையும் பிடிப்பவர்களும் புகையை உள்ளே இழுக்கும் வாய்ப்பு அதிகம் என்று அதில் இருக்கிறது. மேலாளர் வாழ்நாளில் சிகரெட் தொட்டதில்லை. எனக்கு இருபது வருடப் பயிற்சி. அவருக்குப் பொருந்திய சாக்கு எனக்குப் பொருந்தாது. ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு சுருட்டு, இரண்டு வேறு பொருள்.

அவருக்கும் அது முழுச் சாக்கு இல்லை. புளிக்க வைத்ததால் நைட்ரோசமின் அதிகம், மேலே சுற்றிய தடித்த இலை காற்று விடாததால் கார்பன் மோனாக்சைடும் அதிகம், வாய்க்கும் உணவுக்குழாய்க்கும் வரும் ஆபத்து அப்படியே இருக்கிறது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவருக்கு இன்னும் மூன்று வருடம் சர்வீஸ் இருக்கிறது.

ஹூக்காவில் ஏமாற்றுவது தண்ணீர். குமிழி சத்தம் கேட்கும்போது எதுவோ கழுவப்படுகிறது என்று மனது நம்பிவிடுகிறது. தண்ணீர் புகையைக் குளிர்விக்கிறது, ஈரமாக்குகிறது, அவ்வளவே. கொஞ்சம் நிகோடின் கரையும். கார்பன் மோனாக்சைடு தண்ணீரில் கரையவே கரையாது என்று சொல்லலாம். குளிர்ந்த புகை தொண்டையை உறுத்தாது. உறுத்தாததால் ஒரு லிட்டர் இழுக்க முடிகிறது. இதற்குமேல் அந்தக் கரி. கிண்ணத்தில் இருக்கும் புகையிலைக் கலவை கொதித்து ஆவியாகிறதே தவிர ஒழுங்காக எரிவதில்லை. எரிவது மேலே வைத்த கரித்துண்டு. கார்பன் மோனாக்சைடில் பெரும்பகுதியும், பாலிசைக்ளிக் ஹைட்ரோகார்பன்கள் என்ற நச்சுப் பொருட்களில் பெரும்பகுதியும் அந்தக் கங்கிலிருந்து வருகின்றன. புகையிலையே இல்லாத மூலிகைக் கலவையைப் போட்டாலும் கங்கு கங்குதான். 2009-ல் ஒரு ஆய்வு, அதே ஆட்களுக்கு ஒரு நாள் ஹூக்காவும் இன்னொரு நாள் ஒரே ஒரு சிகரெட்டும் கொடுத்து ரத்தத்தைப் பார்த்தது. நிகோடின் உச்சம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்று. கார்பன் மோனாக்சைடு பிடித்துக்கொண்ட ஹீமோகுளோபின், ஹூக்கா நாளில் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஹூக்கா இழுத்து மயங்கி விழுந்து அவசரப் பிரிவுக்குப் போனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. எங்கள் கூட்டத்திலும் ஒருவன் எழுந்து நிற்கும்போது தள்ளாடுவான். "மாப்ளைக்கு ஏறிடுச்சுடா" என்று சிரிப்போம். மூளைக்கு ஆக்சிஜன் போதாமல் தள்ளாடியதை போதை என்று கைதட்டியிருக்கிறோம்.

இப்படிப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பத்தியை நிரப்புகிறது. சிகரெட் ஒரு பத்தியில் குறைந்தால், அதே பத்தியை சுருட்டும், பக்கத்துப் பத்தியை ஹூக்காவும் நிரப்பிக்கொள்கின்றன.

*

வேப்பைப் பற்றிப் பேசினால் இரண்டு பக்கமும் அடி விழும். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அதில் எதுவும் எரிவதில்லை, ஆகவே கார்பன் மோனாக்சைடு இல்லை என்றே சொல்லலாம். சூடான கம்பிச்சுருளிலிருந்து நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்கள் வரலாம், அதிகம் சூடானால் ஆல்டிஹைடு என்ற நச்சு வேதிப்பொருட்கள் வரலாம். புகையே பிடிக்காதவர் இதைத் தொடுவதற்கு ஒரு காரணமும் இல்லை. ஆனால் சிகரெட்டை முழுதாக விட்டுவிட்டு இதற்கு மாறியவரின் சிறுநீர், சிகரெட்காரரின் சிறுநீரைப் போல இல்லை. பிரிட்டனில் 181 பேரை வைத்து 2017-ல் வெளியான ஆய்வில், நீண்ட காலம் வேப் மட்டும் பயன்படுத்தியவர்களிடம் என்.என்.ஏ.எல். 97 சதவீதம் குறைவாக இருந்தது. அதே ஆய்வில், சிகரெட்டையும் வேப்பையும் சேர்த்து வைத்திருந்தவர்களிடம் குறிப்பிடும்படியான குறைவு இல்லை. அடுத்த வருடம் அமெரிக்காவின் பெரிய தேசிய ஆய்வில் 5,000-க்கும் மேற்பட்டவர்களின் மாதிரிகளைப் பார்த்தார்கள். வேப் மட்டும் பயன்படுத்துவோருக்குப் பெரும்பாலானவை குறைவு. சிகரெட் மட்டும் பிடிப்பவர்களிடம் பல நச்சுகளின் தடயம், இரண்டையும் வைத்திருப்பவர்களிடம் இருந்ததைவிட 10 முதல் 36 சதவீதம் குறைவு. அதாவது இரண்டையும் வைத்திருப்பவர்களிடமே அதிகம்.

அதிகம்! முதல் முறை படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். பிறகு புரிந்தது. வேப் கூடுதலாக விஷம் சேர்த்தது என்று இதற்கு அர்த்தம் எடுக்கக் கூடாது. நிகோடின் வேட்கை அதிகம் உள்ளவர்களே இரண்டையும் வைத்திருப்பார்கள், அவர்கள் சிகரெட்டையும் ஆழமாக இழுப்பவர்களாக இருக்கலாம். ஒரு நாள் மாதிரியை வைத்து எது காரணம், எது விளைவு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: எரியும் சிகரெட் எவ்வளவு அடிக்கடியோ அவ்வளவு நச்சு. வேப் பக்கத்தில் இருந்ததால் அது குறையவில்லை. மைக்கேல் ரஸ்ஸல் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1976-லேயே சொன்னது, மக்கள் நிகோடினுக்காகப் புகைக்கிறார்கள், தாரால் சாகிறார்கள் என்று. நான் நிகோடினுக்கு ஒரு தனிக் குழாய் போட்டுக்கொண்டேன், தார்க் குழாயையும் மூடவில்லை.

*

எட்டு வாரத்தில் எரிவதையெல்லாம் நிறுத்தினேன். எப்படி என்று எழுதினால் அது இன்னொரு கட்டுரை. மூன்றாவது வாரத்தில் மனைவி அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள் என்பது மட்டும் இங்கே போதும். திரும்பி வந்துவிட்டாள். சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் போவதை விட்டேன். அதுதான் சிகரெட்டைவிடக் கடினமாக இருந்தது, ஏனென்றால் அங்கே போனால் ஹூக்கா, போகாவிட்டால் நண்பர்களே இல்லை.

மறுபடி அதே மருத்துவமனை, அதே படிவம். "ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்?" கட்டத்தில் 0 எழுதினேன். அதே நர்ஸ்தான். என்னை அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை. குழாயைச் செருகி நீட்டினார். பதினைந்து விநாடி பிடித்து ஊதினேன்.

2.

"சூப்பர் சார்" என்றார். படிவத்தில் எழுதிக்கொண்டார். அந்தக் கருவிக்கு என் சட்டைப் பையில் இருந்தது தெரியாது. எரியாத எதையும் அது பார்க்காது. கோட்டினின் பார்த்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார். சும்மா எழுந்து போயிருக்கலாம். கட்டமும் சரி, கருவியும் சரி.

அவர் பேனாவை மூடாமல் கேட்டார். "வேற ஏதாவது உண்டா சார்? ஹூக்கா, சுருட்டு, வேப், வாயில வைக்கிறது, அந்த மாதிரி?"

முதல் தடவை வந்தபோது அவர் இதைக் கேட்கவில்லை. டாக்டர் சொல்லிக் கொடுத்திருக்கலாம், அல்லது என் 18-லிருந்து அவரே கற்றுக்கொண்டிருக்கலாம்.

"வேப் இருக்கு சிஸ்டர். நிகோடினைப் பாதியாக் குறைச்சிருக்கேன். இன்னும் விடல."

அதற்குக் கட்டம் இல்லை. படிவத்தைத் திருப்பி, ஓரத்தில் இருந்த வெற்றிடத்தில் சாய்த்து எழுதினார்.